மைக்கூடு யாருக்குச் சொந்தம்?

வட்டவளையில் மழை பெய்வது ஒரு செய்தியாகாது. பெய்யாதிருந்தால்தான் மக்கள் அதைப்பற்றிப் பேசுவர். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில், கலபொடவுக்கும் ரொசல்லவுக்கும் இடையே அமைந்த இச்சிற்றூர், இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. இங்கே சுவரும் ஈரம், துணியும் ஈரம், அலுமாரியில் அடுக்கிவைத்த தாளும் ஈரம். இத்தகைய மழை இரவொன்றில், தவணைப் பரீட்சைக்கு முந்திய நாள், ஆசிரியர் ஒருவருடைய வீட்டினுள் எட்டிப் பார்ப்பவர் சற்றே திகைக்கக்கூடும். மேசைமீது பழைய செய்தித்தாள் விரித்திருக்கும். அதன்மேல் ஊசி பொருத்திய ஒரு சிரிஞ்சு, கரிய திரவம் நிறைந்த சிறு போத்தல், கறை படிந்த பஞ்சு. ஆசிரியரின் விரல்களோ கருமையேறியிருக்கும். நோயாளி யாருமில்லை. வெறுமையாகிவிட்ட அச்சுப்பொறிக் கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்கு அவர் மை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

மலையகத்துப் பாடசாலைகளிற் பணிபுரியும் எம்மைப் போன்றோர்க்கு இக்காட்சி பழகிப்போனது. சிக்கனத்துக்காகச் செய்யும் ஒரு கைவேலை என்பதற்கு மேலாக இதனைப்பற்றி நாம் நெடுநாள் எண்ணியதில்லை. ஆயினும் இச்சிறு செயலின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு நிற்கிறது. எழுத்தைப் படைப்பதற்கும் பெருக்குவதற்கும் வேண்டிய மை எவர் கையில் இருந்தது, எவர் கைக்கு மாறியது, அதனை மீட்கச் சாதாரண மக்கள் என்ன செய்தனர் என்பதே அவ்வரலாறு. அதனை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது எனக் கருதுகிறோம்.

மை முதன்முதலில் வீட்டுப் பொருளாகவே பிறந்தது. பனையோலை ஏட்டில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துத் தெளிவாகத் தெரியும் பொருட்டு, விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்துத் தடவினர் நம் முன்னோர். தாளில் எழுதும் வழக்கம் பரவியபின் கடுக்காயும் அன்னபேதியும் மைக்கு மூலப்பொருள்களாயின. கடுக்காயின் துவர்ப்புச் சத்து அன்னபேதியிலுள்ள இரும்போடு கூடும்போது கருநிறம் தோன்றுகிறது. ஐரோப்பியர் மாசிக்காயைக் கொண்டு இதே முறையிற் பல நூற்றாண்டுகள் மை செய்தனர். தேயிலையிலும் இத்துவர்ப்புச் சத்து உண்டு. இரும்புப் பாத்திரத்திற் கிடந்த தேயிலைச் சாயம் கறுத்துப்போவதற்கும், நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்களிற் கழுவினாலும் போகாத கறை படிவதற்கும் அதுவே காரணம். உலகுக்குத் தேநீர் அளித்த மலையகப் பெண்ணின் கையில் எழுத்துக்குரிய கருமை என்றும் இருந்தது. எழுதும் வாய்ப்புத்தான் இல்லாதிருந்தது.

மை தொழிற்சாலைப் பொருளானபோது அது சந்தைப் பொருளாகவும் ஆயிற்று. எனினும் அப்போதும் வாங்குபவனுக்கு ஓர் உரிமை எஞ்சியிருந்தது: எந்தக் கடையின் மையையும் எந்தப் பேனாவிலும் ஊற்றலாம். இந்த உரிமை இருந்தமையாற்றான் சுதேசிய இயக்கம் மையைக்கூடத் தன் களமாக்க முடிந்தது. அந்நிய மையை விலக்கிவிட்டு உள்நாட்டு மையால் எழுதவேண்டும் என்ற வேட்கையிலிருந்து 1934இல் வங்காளத்திற் பிறந்ததே சுலேகா மை. சீமையிற் செய்த பேனாவினுள்ளும் சுதேசி மை தங்குதடையின்றி ஓடியது. பேனாவைச் செய்தவன் தன் மையை மட்டுமே ஊற்றவேண்டும் என விதி செய்ய அன்று வழியிருக்கவில்லை.

மலையகத்தின் கதை சற்று வேறானது. ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் சொந்த அச்சியந்திரசாலை நிறுவிய அதே காலத்தில், எமது முன்னோர் தமிழகத்திலிருந்து கடல்கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். தோட்ட வாழ்வைப்பற்றித் தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்றான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. கும்மி என்பது உழைப்போரின் பாட்டு வடிவம். ஆனால் அந்நூலிற் கேட்பது தோட்டத்தை நடத்துவோரின் குரல். தொழிலாளியின் பாட்டு வாயில் இருந்தது; தாளும் மையும் துரையின் அலுவலகத்தில் இருந்தன.

அம்மை என்ன எழுதிற்று? முதலில் அது 'துண்டு' எழுதிற்று. இத்தொழிலாளியின் கடனைச் செலுத்துவோரிடம் இவனை விடுவிக்கச் சம்மதம் எனத் தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்ற ஒரு முழத் தாளும் ஒரு துளி மையும் போதுமாயிருந்தன. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின்னும் செக்ரோலில் முழுப்பேர் போடுவதா அரைப்பேர் போடுவதா என்பதைத் தோட்டத்து மையே தீர்மானித்தது. அன்றைய உழைப்பு முழுநாட் கூலியாவதும் அரைநாட் கூலியாவதும் அம்மைக்கீற்றில் தங்கியிருந்தன.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது தாளின் அருமையை எம்மக்கள் மிகக் கசப்பாக உணர்ந்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இந்நாட்டிற் குறித்த காலம் தொடர்ந்து வாழ்ந்ததை எழுத்துச் சான்றாற் காட்டு என்றது அரசு. லயத்து அறையிற் பிறந்து, லயத்து அறையிலேயே பிள்ளை பெற்று, தேயிலை மலையிலேயே முதுமையடைந்தவர்கள் தாம் இங்கே வாழ்ந்தோம் என்பதற்குக் காகிதம் தேடி அலைந்தனர். பெரும்பாலோரின் விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. நகல் ஒன்று கையில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு குடும்பத்தின் நாட்டையே தீர்மானித்த காலம் அது. எழுத்துப் பிரதி எடுப்பது எமக்கு அலங்காரமான காரியமன்று என்பதை அக்காலம் கற்பித்தது.

இந்த இருளின் நடுவே மையைத் தொழிலாளியின் பக்கம் கொண்டுவந்தோரும் இருந்தனர். கோ. நடேசய்யர் துணி விற்பவர்போல் வேடமிட்டுத் தோட்டங்களினுள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார், பத்திரிகை நடத்தினார், 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாடல்களை இயற்றி, அவற்றை அச்சிட்டுக் கூட்டங்களிற் பாடினார். எழுத்தறியாத மக்களிடையே அச்சுத்தாளைப் பாட்டாக்கிக் கொண்டுசென்ற அம்முறை வியத்தற்குரியது. கூட்டம் கலைந்தபின்னும் துண்டுத்தாள் மடியில் இருந்தது. எழுத்துத் தெரிந்த பிள்ளை ஒன்று லயத்தில் அதனை மீண்டும் வாசிக்கலாம். முன்னர் மனிதனை விற்ற 'துண்டு' இப்போது மனிதனை எழுப்பும் துண்டுப் பிரசுரமாயிற்று.

அச்சகம் பணம் வேண்டுவது. பொலிஸாரின் கண்ணுக்கும் எளிதிற் படுவது. ஆதலின் உலகெங்கும் ஒடுக்கப்பட்டோர் சிறிய பிரதிக் கருவிகளை நாடினர். ஜெலட்டினையும் கிளிசரினையும் காய்ச்சித் தட்டில் ஊற்றி, அதன்மீது மையெழுத்தைப் பதித்துப் பல பிரதிகள் எடுக்கும் ஹெக்டோகிராப் முறையை அடுப்பங்கரையிலேயே செய்துவிடலாம். லெனினின் தொடக்ககால நூலொன்று 1894இல் இம்முறையிலேயே இரகசியமாகப் பிரதி செய்யப்பட்டது. ஹங்கேரியிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய டேவிட் கெஸ்டெட்னர் 1881இல் உருவாக்கிய சைக்ளோஸ்டைல் முறை இதனினும் வலியது. மெழுகுத்தாளில் எழுத்தைக் கீறி, அக்கீறலின் வழியே மையைக் கசியச்செய்து நூற்றுக்கணக்கிற் பிரதியெடுக்க அது வழிசெய்தது. தொழிற்சங்க அறிக்கைகளும் மாணவர் கையேடுகளும் பாடசாலை வினாத்தாள்களும் இந்தக் கருவியாற் பிறந்தன.

எமது பாடசாலைகளில் இதன் பெயர் 'றோணியோ'. நாம் மாணவராயிருந்தபோது அதிபரின் அறை மூலையில் நின்ற அக்கருவியின் சத்தம் கேட்டவுடனே பரீட்சை நெருங்கிவிட்டதென அறிவோம். சுடச்சுட வந்த வினாத்தாளின் மணத்தை முகர்ந்த தலைமுறையினர் இன்னும் இருக்கின்றனர். ஆசிரியர் ஸ்டென்சில் தாளைத் தம் கையாலே கீறுவார். மைக் குழாயைத் தம் கையாலே பிதுக்குவார். உருளையைத் தம் கையாலே சுழற்றுவார். தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே படிப்படியாக அரசின்கீழ் வந்தன என்பதை இங்கு நினைவுகொள்ளல் வேண்டும். நாட்டின் ஏனைய பிள்ளைகள் 1945இலிருந்து நுகர்ந்த இலவசக் கல்வி, தேயிலைச் செடிகளிடையே மூன்று தசாப்தங்கள் பிந்தியே வந்துசேர்ந்தது. அவ்வாறு பிந்தி வந்த பாடசாலைகளில் றோணியோ ஒரு செல்வமாகவே இருந்தது. பக்கத்துப் பாடசாலையிலிருந்து மெழுகுத்தாளோடு வந்து பிரதியெடுத்துச் சென்ற ஆசிரியர்களும் உண்டு. மை தீர்ந்தால் வேறு மை வாங்கி ஊற்றலாம். அக்கருவி மறுப்புச் சொன்னதில்லை.

இந்நிலையை மாற்றியது மைத்துளி பாய்ச்சும் அச்சுப்பொறி. அதன் பிறப்பிலே ஒரு வியப்பான நிகழ்ச்சி உண்டு. 1977இல் யப்பானின் கனன் நிறுவன ஆய்வுகூடத்தில், சூடேறிய பற்றாசுக் கோல் ஒன்று மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியிலே தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை துளியாகச் சிதறியது. சூட்டினால் மையில் ஒரு குமிழி தோன்றி, அக்குமிழியே துளியை வெளியே தள்ளுகிறது என இச்சிரோ எண்டோவும் அவருடன் பணிபுரிந்தோரும் உணர்ந்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனமும் தனித்து இவ்வழியை அடைந்து, 1984இல் 'திங்க்ஜெட்' என்ற பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எமது மேசைமீது கிடக்கும் சிரிஞ்சு இப்பொறிக்கு அந்நியமானதன்று. அதன் தொட்டிலிற் கிடந்த பொருள்தான் அது!

மயிரிழையினும் நுண்ணிய துளைகள் வரிசையாக அமைந்த தலையையும் மையையும் ஒரே கூட்டினுள் அடைத்து, மை தீர்ந்ததும் கூட்டையே எறிந்துவிடச் செய்தது அப்புதிய அமைப்பு. பழுதாகும் பகுதி அடிக்கடி மாறுவதாற் பொறி செவ்வையாக இயங்கும் என்பது பொறியியலார் கூறும் நியாயம். அது பொய்யன்று. ஆனால் வணிகர் அதிலே வேறொரு நியாயத்தைக் கண்டனர். பொறியை மலிவாக விற்றுவிடு; மையின் விலையில் இலாபத்தை எடு. 1988இல் ஏறத்தாழ ஆயிரம் டொலருக்கு விற்ற டெஸ்க்ஜெட் போன்ற பொறிகளின் வழிவந்தவை, பின்னாளில் நூறு டொலருக்கும் கீழே இறங்கின. மையின் விலை அவ்வாறு இறங்கவில்லை. பெரிய கங்காணி கொடுத்த முற்பணம்போன்றது இம்மலிவு. கைநீட்டி வாங்கும்போது இனிக்கும்; பிறகு மாதந்தோறும் கணக்குத் தீராது.

மக்கள் இக்கணக்கை விரைவிலேயே புரிந்துகொண்டனர். கூடு முழுமையாகவே இருக்கிறது, தீர்ந்தது மை மட்டுமே என்றால், மையை மட்டும் ஊற்றினால் என்ன? வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டுவது. மேலே ஒட்டியிருக்கும் பெயர்த்தாளை உரித்தால் நுண்ணிய துளை தெரியும். ஊசியை உள்ளேயிருக்கும் பஞ்சினுட் செலுத்தி, காற்றுப் புகாவண்ணம் மிக மெதுவாக மையை ஏற்றவேண்டும். மிகுதியானால் அடியிலே கசியும். ஈரப்பஞ்சில் ஒற்றியெடுத்தால் நிற்கும். முற்றாக வரண்டபின் ஊற்றினாற் பயனில்லை. துளைகளைச் சூடாக்கும் நுண்ணிய தகடுகளை மையே குளிர்விக்கிறது. மையின்றி ஓடினால் அவை கருகிவிடும். ஆகவே தாளில் எழுத்து வெளிறத் தொடங்கும்போதே ஊற்றிவிடவேண்டும். இவையெல்லாம் எந்தக் கைநூலும் எமக்குக் கற்பிக்கவில்லை. ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியருக்கு ஓய்வறையிற் சொல்லிக்கொடுத்தவை.

எமது தவறொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மையில் இருவகை உண்டு. சாயம் நீரிற் கரைந்திருப்பது ஒன்று; நிறத்துகள்கள் நீரிலே கலந்து மிதப்பது மற்றொன்று. முன்னது நீர் பட்டாற் பரவும். பின்னது தாளிற் பற்றி நிற்கும். விலை குறைந்ததென்று முதல்வகை மையை வாங்கி, க.பொ.த. சாதாரண தர மாணவர்க்குப் பயிற்சித்தாள் அச்சிட்டுக் கொடுத்தோம். மறுநாட் காலை ஒரு மாணவி தாளை நீட்டினாள். முந்திய மாலை மலைப்பாதையில் ஏறிச் சென்றபோது மழை பிடித்திருக்கிறது. செய்யுளும் அதன்கீழிருந்த வினாக்களும் ஊதா நிறக் குளமாய்க் கிடந்தன. "சேர், நாலாவது கேள்விக்கு மட்டும் விடை எழுதியிருக்கிறேன்; மற்றதெல்லாம் தெரியவில்லை" என்றாள். வட்டவளையின் மழையைக் கணக்கிலெடாத மை எமக்குப் பொருந்தாது எனக் கற்றோம். அவளுக்கு அத்தாளை மறுபடி அச்சிட்டுக் கொடுக்க மை எஞ்சியிருந்தது என்பதே அன்று எமக்கிருந்த ஆறுதல்.

பயன்படுத்துவோர் கற்றதுபோல நிறுவனங்களும் கற்றன. கூட்டின்மேல் ஒரு சிறு சிப்பைப் பதித்து, 'இது எமது மையன்று' எனப் பொறியே சொல்லும்படி செய்தன. இதன்பின் வழக்குகள் எழுந்தன. அமெரிக்காவின் லெக்ஸ்மார்க் நிறுவனம், தன் சிப்பிலுள்ள சிறு நிரலைப் பிறர் பிரதி செய்தது பதிப்புரிமை மீறல் என 2002இல் வழக்குத் தொடுத்தது. ஆசிரியனின் படைப்பைக் காக்கப் பிறந்த சட்டத்தை மைக்கூட்டின் பூட்டாக்க முனைந்த முயற்சி அது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. யப்பானில் நிலை வேறாயிற்று. பயன்படுத்திய கூடுகளைச் சேர்த்துக் கழுவி மை நிரப்பி விற்ற நிறுவனம் கனனின் காப்புரிமையை மீறியது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்த்தது. அவ்வாறு நிரப்பிய கூடு புதிதாய்ச் செய்த பொருளுக்குச் சமம் என்பது அத்தீர்ப்பின் கருத்து. பத்தாண்டு கழித்து, 2017 மேயில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் தொடுத்த மற்றொரு வழக்கில் எதிர்த் திசையிலே தீர்ப்பளித்தது. பொருளை விற்றுவிட்டபின் அதன்மீது விற்றவனின் காப்புரிமை தீர்ந்துவிடுகிறது. வாங்கியவன் அதை நிரப்பலாம், விற்கலாம் என்றது.

ஒரே செயல் ஒரு நாட்டில் உரிமை, மற்றொரு நாட்டிற் குற்றம்! பொருளை வாங்கியவன் அதன் சொந்தக்காரனா, வாடகைக்காரனா என்ற வினாவுக்கு உலகம் இன்னும் ஒருமித்த விடை காணவில்லை என்பதையே இது காட்டுகிறது.

நீதிமன்றத்திற் தோற்றாலும் பூட்டு வேறு வழியால் வந்தது. 2016 செப்டெம்பரில் ஹியூலெட் பக்கார்டின் சில அச்சுப்பொறிகள், அதற்கு முன்னர் ஏற்றுக்கொண்ட பிறருடைய கூடுகளை ஒருநாள் திடீரென ஏற்க மறுத்தன. பொறியினுள்ளிருந்த நிரல் அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தபின், முன்கூட்டித் தெளிவாகத் தெரிவிக்காமைக்கு நிறுவனம் வருத்தம் தெரிவித்து, அத்தடையை நீக்கும் நிரலையும் வெளியிட்டது. ஆனால் பூட்டும் முறையைக் கைவிடவில்லை. மற்றொரு நிகழ்ச்சி இதனினும் சுவையானது. உலகிற் சிப்புக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில், 2022இன் தொடக்கத்தில், கனன் நிறுவனம் தன் பெரிய நகற்பொறிகளுக்கான டோனர்க் கூடுகளைச் சிப் இல்லாமலே அனுப்பவேண்டியதாயிற்று. பொறி தன் சொந்த முதலாளியின் கூட்டையே போலி என்றது! அவ்வெச்சரிக்கையை எவ்வாறு கடந்து செல்வதென ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு நிறுவனமே விளக்கிற்று. சிப் இல்லாமலும் எழுத்துச் செவ்வையாகவே விழுந்தது.

தடைசெய்ய முடியாத வழக்கத்தை வணிகம் இறுதியில் விலைக்கு வாங்கிக்கொள்ளும். ஆசிய நாடுகளில் மக்கள் தம் அச்சுப்பொறிக்கு வெளியே மைத்தொட்டிகளை வைத்து, மெல்லிய குழாய்களால் உள்ளே மை செலுத்தத் தொடங்கியிருந்தனர். எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவிலே மைத்தொட்டியுடன் கூடிய அச்சுப்பொறியைத் தானே விற்பனைக்கு விட்டது. பொறியின் விலை கூடியது. மையின் விலை பெரிதும் குறைந்தது. போத்தலிலிருந்து எவரும் ஊற்றலாம். நேற்றுவரை முறைகேடு எனப்பட்டது இன்று புதுமை எனப் பெயர் பெற்றது. அப்புதுமையின் ஆசிரியர்கள் கடைத்தெருக்களிற் கைகறுத்த பெயரற்றோர் என்பதை வரலாறு எழுதுவோர் மறக்கலாகாது.

இவையெல்லாம் தொலைதூரத்து வழக்குகள் என எண்ணியிருந்த எமக்கு, 2020 முதல் 2022 வரையான காலம் அவற்றின் பொருளை உணர்த்திற்று. கொவிட் நோயால் 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டன. கற்பித்தல் கைத்தொலைபேசிக்கு மாறியது. லயத்திலே ஒரு குடும்பத்துக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்தாலும் மூன்று பிள்ளைகள் இருந்தனர். அதற்கும் மலையுச்சிக்கு ஏறினாற்றான் அலை கிடைத்தது. அக்காலத்திற் பல ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை அச்சிட்டு, மழைக்குப் பொலித்தீன் உறையிட்டு, லயம் லயமாகக் கொண்டுசென்று கொடுத்தனர். அத்தாள்களுட் பெரும்பாலானவை வீட்டில் ஏற்றிய மையால் எழுதப்பட்டவை. ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தில் அசற் கூடுகளை வாங்கி அவ்வளவு தாள் அச்சிட்டிருக்க இயலாது.

அதனைத் தொடர்ந்து வந்தது பொருளாதார வீழ்ச்சி. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தாளையும் மையையும் இறக்குமதி செய்ய அச்சகங்களுக்கு அந்நியச் செலாவணி இல்லை என்பதே கல்வித் திணைக்களம் கூறிய காரணம். பரீட்சையை நிறுத்தப் போரோ புயலோ வேண்டியிருக்கவில்லை, மைத்தட்டுப்பாடு போதுமாயிருந்தது. அம்மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாயிருந்த நாணய மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குச் சரிந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. 2021இல் நாளொன்றுக்கு 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் கூலி 2024 செப்டெம்பரிலேதான் 1,350 ஆயிற்று. இடைப்பட்ட அக்காலத்தில் புதிய மைக்கூடு ஒன்றின் விலை அத்தொழிலாளியின் பல நாட் கூலியை விழுங்கியது. டொலரைச் சம்பாதித்துக் கொடுக்கும் தேயிலையைப் பறித்தவள் தாய். டொலர் இல்லாமையால் வினாத்தாள் கிடைக்காது நின்றது அவள் பிள்ளை.

அந்நாட்களில் சிரிஞ்சு எமக்குப் பேருதவி செய்தது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துசேரும் மைப் போத்தல் ஒன்றை இரண்டு மூன்று பாடசாலைகளின் ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொண்டனர். ஒரு பக்கம் அச்சிட்ட பழந்தாளின் மறுபக்கம் புலமைப்பரிசில் வினாத்தாளாயிற்று. எழுத்தின் அளவைச் சிறிதாக்கி இரண்டு பக்கத்தை ஒன்றாக்கினோம். இதனைப் பெருமையோடு சொல்லத் தோன்றுகிறது; சொல்லவும் வேண்டும்.

ஆனால் அப்பெருமையினுள் ஓர் ஆபத்து மறைந்திருப்பதையும் சொல்லாதிருக்க முடியாது. ஆசிரியர் தம் வீட்டில், தம் பணத்தில், தம் உறக்கத்தை இழந்து மை ஏற்றும் நாளெல்லாம், பாடசாலைக்கு மை வழங்கவேண்டியவர்களின் கடமை எவர் கண்ணுக்கும் படாமற் போகிறது. வினாத்தாள் எப்படியோ வந்துவிடுகிறது. ஆகவே குறையொன்றுமில்லை என அறிக்கை எழுதப்படுகிறது. தரமுயர்ந்த நகரப் பாடசாலையின் பிள்ளைக்குத் தெளிவாக அச்சான தாள் நூறு. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆசிரியரின் கைத்திறத்தைப் பொறுத்துப் பத்து. இருவரும் ஒரே பரீட்சையை எழுதுகின்றனர். வெட்டுப்புள்ளியால் அளக்கப்படுகின்றனர். தனிமனிதரின் தியாகம் சமூக அநீதியை மூடும் திரையாகிவிடலாகாது. தாளும் மையும் பாடநூலைப்போலவே இலவசக் கல்வியின் உறுப்புகள். அவற்றைக் கேட்பது பிச்சையன்று. பிள்ளைகளிடம் தாட்கட்டுக் கொண்டுவரச் சொல்லும் வழக்கத்துக்கு மாற்றாக, பாடசாலைகள் கூட்டாகப் பயன்படுத்தும் பிரதிக்கூடங்களைக் கல்வி வலயங்கள் அமைக்கவேண்டும். பொதுப் பணத்தில் வாங்கும் அச்சுப்பொறிகள் எந்த மையையும் ஏற்பனவாக இருத்தல் வேண்டும். பூட்டிய பொறியை அரசே வாங்கிப் பாடசாலைக்கு அளிப்பது, பாடசாலையை ஒரு நிறுவனத்துக்கு நெடுங்காலக் கடன்காரனாக்குவதாகும். கடனோடு கைமாறும் வாழ்வு எத்தகையது என்பதைத் துண்டு முறையிற் கண்ட மக்கள் நாம்.

துண்டிலே எழுதிய மை எம் முன்னோரைக் கட்டியது. துண்டுப் பிரசுரத்தின் மை அவர்களை நிமிர்த்தியது. றோணியோவின் மை எம்மைப் பரீட்சை மண்டபம்வரை அழைத்துச் சென்றது. இன்று சிப் ஒன்றின் பின்னாற் பூட்டப்பட்டிருக்கும் மையைச் சிரிஞ்சின் நுனியால் விடுவிப்பதும் அதே நீண்ட வழக்கின் ஒரு சிறு தவணைதான். இவ்வழக்கில் இறுதித் தீர்ப்பு எந்த நீதிமன்றத்திலும் எழுதப்படப்போவதில்லை; எழுதக் கற்றோர் அனைவரும் சேர்ந்து எழுதவேண்டியது அது.

மழை இன்னும் விடவில்லை. நாளைக் காலை 38 மாணவர்க்கு வினாத்தாள் வேண்டும். மேசைமீது ஈரம் போகும்படி தாள்களைப் பரப்பியிருக்கிறோம். இம்முறை ஏற்றியிருப்பது மழையிற் கரையாத மை.